பக்கம் ஞாபகம் இருக்கிறது, கணக்கு வரவில்லை

கேள்வி: மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழி. முதல் வருடத்தில் கணிதம், இன்ஜினியரிங் கிராபிக்ஸ் இரண்டிலும் அரியர். கல்லூரிப் பேருந்தில் போக வர மூன்று மணி நேரம் போய்விடுகிறது. டைம்டேபிள் போட்டுச் சுவரில் ஒட்டினால் மூன்றாம் நாளே பிசகிவிடுகிறது. ராத்திரி இரண்டு மணி வரை படித்தாலும் பரீட்சை ஹாலில் எதுவும் வரமாட்டேன் என்கிறது. எனக்கு ஞாபகசக்தி குறைவா?
– ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: தம்பி, உங்கள் ஞாபகசக்தி நன்றாகத்தான் இருக்கிறது. நானும் மூன்று அரியர் வைத்தவன்தான். ஹாலில் கேள்வித்தாளைப் பார்த்ததும் அந்தக் கணக்கு எந்தப் பக்கத்தில், படத்துக்குக் கீழே எந்த ஓரத்தில் இருந்தது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். நோட்டில் டீ சிந்திய கறைகூட நினைவுக்கு வரும். மூன்றாவது ஸ்டெப் மட்டும் வராது. ஏனென்றால் நான் அந்தக் கணக்கைப் பார்த்திருந்தேன், ஒரு தடவைகூடப் போட்டதில்லை.

2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு சாராரைப் பாடத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். இன்னொரு சாராரைப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது மூடிவைத்து எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு "எல்லாம் தெரியும்" என்று தோன்றுகிறதே, அது அந்த ஐந்து நிமிடத்து மயக்கம்தான்.

அதனால் முதலில் மாற வேண்டியது படிக்கும் முறை. நேரத்தைப் பிறகு பார்க்கலாம். போட்டுக்காட்டிய கணக்கு ஒன்றை ஒருமுறை வாசியுங்கள், மூடுங்கள், வெற்றுத்தாளில் நீங்களே போடுங்கள். எங்கே முட்டுகிறதோ அந்த வரியை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். ஒரு மணி நேரத்தில் மூன்று கணக்குதான் முடியும். பக்கத்தில் இருப்பவன் முப்பது பக்கம் புரட்டியிருப்பான். கவலைப்படாதீர்கள்.

போட்ட விடை சரிதானா என்று நீங்களே பார்த்துக்கொள்ளும் வழிகளையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். மேட்ரிக்ஸில், அதாவது வரிசை வரிசையாக எண்களை அடுக்கிய கட்டத்தில், ஐகன் மதிப்பு என்ற அதற்கே உரிய எண்களைக் கண்டுபிடித்தால், அவற்றின் கூட்டுத்தொகை மூலைவிட்டத்தில் இருக்கும் எண்களின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வர வேண்டும். பெருக்கினால் டிட்டர்மினன்ட் வர வேண்டும். மேல் வரிசையில் 4, 1, கீழ் வரிசையில் 2, 3 என்றால் ஐகன் மதிப்புகள் 5, 2. கூட்டினால் 7 (4 + 3), பெருக்கினால் 10 (டிட்டர்மினன்ட் 4×3 − 1×2). இரண்டும் பொருந்துகிறதா, மேலே போங்கள். பதினாறு மார்க் கணக்கைத் தப்பான எண்ணோடு கடைசி வரை இழுத்துக்கொண்டு போகிற கொடுமை இதனால் மிச்சம்.

கிராபிக்ஸ் வேறு கதை. அதைக் கண்ணால் படிக்கவே முடியாது. வீட்டில் ஒரு கேரட்டை எடுத்துச் சாய்வாக வெட்டிப் பாருங்கள். வெட்டுமுகத்தில் ஏறக்குறைய ஒரு நீள்வட்டம் தெரியும். கூம்பைச் சாய்தளத்தால் வெட்டுவது என்று புத்தகம் சொல்வது இதைத்தான். பற்பசை டப்பாவை ஓரங்களில் பிரித்து விரித்தால் டெவலப்மென்ட், அதாவது பொருளின் மேற்பரப்பைத் தட்டையாக விரித்த படம், முழுக்கக் கையில் இருக்கிறது. நம் ஊரில் ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறை. முன்தோற்றம் தாளின் குறுக்கே போடும் எக்ஸ்-ஒய் கோட்டுக்கு மேலே, மேல்தோற்றம் கீழே. "மேலே இருந்து பார்ப்பதை ஏன் கீழே வரைய வேண்டும்?" என்று குழம்பியே பாதிப்பேர் தோற்கிறார்கள். பொருளைத் தாண்டிப் பின்னால் இருக்கும் சுவரிலும் தரையிலும் அதன் உருவம் விழுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தரை கீழேதானே இருக்கிறது.

இனி நேரம். சுவரில் ஒட்டியதைக் கிழித்துவிடுங்கள். ஐந்தரைக்கு ஃபிசிக்ஸ், ஆறரைக்குக் கெமிஸ்ட்ரி என்று போடுகிற பட்டியல் பன்னிரண்டாம் வகுப்போடு சரி. லேப் இழுத்துக்கொண்டு பேருந்து தாமதமான அன்றே அது செத்துப்போகும். அதற்குப் பதிலாக இரண்டு வேலையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, அன்று நடத்தியதிலிருந்து இரண்டு கணக்கு, அன்றைக்கே, சாப்பிடுவதற்கு முன்னால். மறதி முதல் நாளில்தான் வேகமாக நடக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்காஸ் 1885-லேயே தன்னையே சோதித்து எழுதிவைத்திருக்கிறார். இன்னொன்று, ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் அரியர் கணிதம். போன் அப்போது அம்மாவிடம் இருக்கட்டும்.

பேருந்தில் புதிதாக எதையும் படிக்காதீர்கள், தலைதான் வலிக்கும். சட்டைப்பை நோட்டில் இரண்டு மார்க் கேள்விகளை எழுதிவைத்து, பதிலைப் பார்க்காமல் மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். சாயங்காலம் வரும்போது தூங்குங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

கணிதத்துக்கு ஒரு கணக்கு. அண்ணா பல்கலையின் 2021 பாடத்திட்டம் என்றால் தாள் இப்படி: இரண்டு மார்க் பத்து, பதினாறு மார்க் ஐந்து. கல்லூரியிலேயே போடும் இன்டர்னலுக்கு 40, ஹாலில் நூற்றுக்கு எழுதுவதைச் சுருக்கிப் பரீட்சைக்கு 60. மொத்தத்தில் 50 வேண்டும், பரீட்சையில் மட்டும் 45 சதவீதமாவது வேண்டும். இன்டர்னலில் 23 வைத்திருப்பவனுக்கு ஹாலில் நூற்றுக்கு 45 போதும். 18 வைத்திருப்பவன் 54 எடுக்க வேண்டும். ஆகவே இந்த செமஸ்டரின் இன்டர்னல் தேர்வுகளை விளையாட்டாக எடுக்காதீர்கள். பழைய அரியரைத் துரத்தப்போய்ப் புதிதாக இரண்டு வாங்கிய பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

யூனிட்டுக்குப் பதினாறு மார்க் கேள்வி ஒன்று, இரண்டு மார்க் கேள்வி இரண்டு என்பதால் மூன்று யூனிட் சுத்தமாகத் தெரிந்தால் கையில் 60 இருக்கிறது. மேட்ரிக்ஸில் ஆரம்பியுங்கள். ஆனால் இன்டக்ரலை ஒரேயடியாகக் கைகழுவிவிட வேண்டாம். தெர்மோடைனமிக்ஸில் வேலையைக் கணக்கிட வரும்போது அது வாசலில் நிற்கும்.

தமிழ் வழியில் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது குறையில்லை. புரிந்துகொள்வது தமிழில் நடக்கட்டும். நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் உங்கள் பேச்சில் அதன் விளக்கம். தெர்மோடைனமிக்ஸில் வரும் "என்ட்ரோபி" என்பதற்கு உங்கள் தங்கைக்குப் புரிகிற மாதிரி இரண்டு வரி எழுத முடிந்தால் உங்களுக்குப் புரிந்துவிட்டது. 2010-லேயே சிவிலும் மெக்கானிக்கலும் அண்ணா பல்கலையில் தமிழ் வழியில் தொடங்கிவிட்டார்கள். விடையை மட்டும் வகுப்பு மொழியில் எழுதிப் பழகுங்கள். சின்னச் சின்ன வாக்கியமாக இருந்தால் போதும், படம் போட்டால் பாதி வாக்கியம் தேவைப்படாது.

அப்புறம், அரியருக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டும் கடைசித் தேதியை அலுவலகப் பலகையில் பார்த்து இன்றே குறித்துக்கொள்ளுங்கள். என் மூன்றில் ஒன்று, படித்து முடித்தும் பணம் கட்ட மறந்ததால் ஆறு மாதம் தள்ளிப்போனது.