நகல் எலும்பும் அசல் எலும்பும்

கேள்வி: லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் நின்ற டைனோசர் எலும்புக்கூடு வெறும் நகல்தான் என்று படித்தேன். நகலைக் காட்டுவது பார்வையாளரை ஏமாற்றுவதாகாதா? அசலை அது எந்த அளவுக்கு ஒத்திருக்கும்?
– வாசகர், மதுரை

பதில்: நீங்கள் சொல்வது டிப்லோடோகஸ். அசல் எலும்புகள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் இருக்க, எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி அன்பளித்த பிளாஸ்டர் வார்ப்பு 1905 மே 12 அன்று லண்டனில் திறந்துவைக்கப்பட்டது. அது வார்ப்பு என்பதை அன்று யாரும் மறைக்கவில்லை, மறைத்தால்தான் ஏமாற்று. சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் 'சூ' என்னும் டைரனோசரின் மண்டையோடு மிகுந்த எடை கொண்டது என்பதால், நிற்கும் எலும்புக்கூட்டில் இலேசான வார்ப்பைப் பொருத்திவிட்டு, அசலைத் தனியே ஆய்வாளர் எட்டும் இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

எலும்பின் மீது எடுத்த அச்சினுள் ஊற்றி இறுகவைப்பதே வார்ப்பு; அதன் துல்லியத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த அச்சுதான். முதலில் எலும்பின் நொறுங்கும் பகுதிகளைப் பின்னர் கரைத்து நீக்கக்கூடிய பசையால் உறுதிப்படுத்தி, விரிசல்களை அடைத்து, பாதி எலும்பைக் களிமண்ணில் புதைத்து, வெளியே தெரியும் பாதியின் மீது சிலிகோன் ரப்பரைத் தூரிகையால் மெல்லிய பூச்சாகப் பூசுவார்கள். தசை ஒட்டியிருந்த தழும்பும் நரம்பு சென்ற துளையும் பதிவது இந்த முதல் பூச்சில்தான். இதில் ஒரு காற்றுக்குமிழி சிக்கினால், வார்ப்பில் அது எலும்பில் இல்லாத ஒரு மொட்டாக நிற்கும். அடுத்தடுத்த பூச்சுகளுக்குப் பின், ரப்பர் வளையாதபடி வெளியே கண்ணாடியிழையாலோ பிளாஸ்டராலோ ஓடு கட்டி, மறுபாதிக்கும் அவ்வாறே செய்வார்கள். சிலிகோனிலும் வகை பார்க்க வேண்டும்: பிளாட்டினத்தால் இறுகும் வகை அநேகமாகச் சுருங்காது, ஆனால் கந்தகம் கலந்த களிமண் பட்டால் இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். லேட்டெக்ஸ் என்னும் ரப்பர் பால் உலரும்போது சுருங்குவதால், அளவெடுத்து ஆய்வு செய்யத்தக்க நகலுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: இப்படிப்பட்ட நகலால் ஆய்வுக்கு ஏதேனும் பயன் உண்டா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: சில வேளைகளில் நகல் மட்டுமே மிஞ்சுகிறது. 1819இல் விவரிக்கப்பட்ட, இங்கிலாந்தின் புதைபடிவச் சேகரிப்பாளர் மேரி ஆனிங்கின் குடும்பத்தார் கண்டெடுத்த இக்தியோசர் (பழங்காலக் கடல் ஊர்வன) எலும்புக்கூடு 1941இல் லண்டன் மீது நடந்த குண்டுவீச்சில் அழிந்தது. அதன் வார்ப்புகள் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலும் பெர்லினிலும் இருப்பதை 2022இல் வெளியான ஆய்வொன்று அடையாளங்காட்டியது. இரண்டில் பெர்லின் வார்ப்பே நல்ல நிலையில் உள்ளது; அழிந்துபோன எலும்புகளை ஆய்வாளர்கள் இப்போது அதைக் கொண்டு மீண்டும் ஆராய முடிகிறது. எந்தப் பகுதி எலும்பின் பதிவு, எந்தப் பகுதி கைவினைஞர் நிரப்பியது என்பதை ஒவ்வொரு வார்ப்போடும் எழுதிவைப்பது இதனால்தான் அவசியம். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் நிரப்பிய சாந்தையும் பிற்கால ஆய்வாளர் எலும்பென்றே அளந்துவிடுவார்.