ஓங்கரித்தும் வாந்தி வராத வயிறு

கேள்வி: என் மகளுக்கு 20 வயது. நாகர்கோவிலில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். பகலெல்லாம் பட்டினி கிடந்துவிட்டு இரவில் கணக்கில்லாமல் சாப்பிடுகிறாள். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, விரலை விட்டு வாந்தி எடுக்கிறாள் என்று நினைக்கிறேன். தவக்காலம் முழுவதும் நோன்பு என்று சொல்லி மிகவும் மெலிந்துபோனாள். ஈஸ்டர் அன்று இரவு நாங்கள் உறங்கிய பிறகு, மீதமிருந்த ஆப்பம், கறி, கேக் எல்லாவற்றையும் தனியாகத் தின்றிருக்கிறாள். வயிறு கல்லாக வீங்கி, வாந்தியும் வராமல் மூன்று மணி நேரம் துடித்தாள். கேஸ் மாத்திரையும் சோடாவும் கொடுத்தேன். விடியற்காலையில் வாந்தியாகி அடங்கியது. ஏப்பம், வயிற்று இரைச்சல், முடி உதிர்தல், கன்ன வீக்கம், மாதவிலக்குத் தள்ளிப்போதல் எல்லாம் இருக்கின்றன. அதிகம் சாப்பிட்டு வயிறு வெடித்தவரைப் பற்றிய வீடியோ ஒன்றைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இது அல்சரா, புற்றுநோயா?
— ஒரு தாய், கருங்கல்

பதில்: அம்மா, அன்று உங்கள் மகள் தப்பியது நீங்கள் கொடுத்த சோடாவினால் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். அந்தச் சோடா ஆபத்தைக் கூட்டவே செய்தது. அந்த மூன்று மணி நேரத்தில் அவள் இருந்திருக்க வேண்டிய இடம் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு. கடிதத்தில் நீங்கள் அடுக்கியிருக்கும் மற்றவற்றை ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம். இது மறுபடி நிகழ்ந்தால் என்ன செய்வது என்பதைத்தான் நீங்கள் இன்றைக்கே தெரிந்துகொள்ள வேண்டும்.

இரைப்பை சாதாரணமாக 1 முதல் 1.5 லிட்டர் வரை கொள்ளும். தளர்ந்து கொடுத்தால் 4 லிட்டர் வரைகூட விரியும். கல்யாண வீட்டில் இலை நிறையச் சாப்பிட்டு, பாயசத்தில் பப்படத்தையும் மட்டிப்பழத்தையும் பிசைந்து இரண்டு முறை வாங்கிக் குடிப்பவர் யாரும் வயிறு வெடித்துச் சாவதில்லை. போதும் என்று நரம்புகள் சொல்லிவிடும். அதையும் மீறினால் வாந்தி வந்து வயிறு தன்னைக் காத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் பட்டினி கிடந்தவரின் இரைப்பைக்கு இந்தப் பாதுகாப்பு குறைவு. அதன் தசை வலுவிழந்து, உணவைக் குடலுக்குத் தள்ளும் வேகம் மந்தமாகிவிடுகிறது. உடல் மெலியும்போது இன்னொன்றும் நடக்கிறது. வயிற்றின் பின்புறத்தில், இதயத்திலிருந்து இறங்கும் பெரிய இரத்தக் குழாயான மகாதமனிக்கும், அதிலிருந்து பிரிந்து குடலுக்குச் செல்லும் தமனிக்கும் இடையே முன்சிறுகுடல் கடந்துபோகிறது. அங்கே மெத்தைபோல இருக்கும் கொழுப்பு கரைந்துவிட்டால், 10 முதல் 28 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டிய இடைவெளி 8 மில்லிமீட்டருக்கும் கீழே சுருங்கி, முன்சிறுகுடல் நசுங்கக்கூடும். அந்த நிலையில் ஒரே இரவில் பாத்திரம் பாத்திரமாக உள்ளே தள்ளினால், உணவும் காற்றும் கீழே இறங்க வழியின்றித் தேங்குகின்றன.

தேங்கிய வயிறு மேல்நோக்கிப் பருக்கும்போது, உணவுக்குழாய் வந்து சேரும் வாயும் மடங்கி, ஒருவழிக் கதவுபோல அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் விரலை விட்டும் வாந்தி வருவதில்லை. உள்ளே அழுத்தம் ஏறி, இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைகளின் அழுத்தத்தைத் தாண்டிவிட்டால், சுவருக்குள் வந்த இரத்தம் திரும்பிச் செல்ல முடியாமல் நின்றுவிடும். முதலில் உள்சவ்வு சாகிறது. பிறகு முழுச் சுவரும் கறுத்து, மெலிந்து, கிழிகிறது. வீடியோக்களில் சொல்வதைப் போல பலூன் மாதிரிப் பட்டென்று வெடிக்கும் விஷயம் அல்ல இது. பெரும்பாலும் மணிக்கணக்கில் நடந்து முடிகிற விஷயம். உங்களைப் பயமுறுத்திய அந்த வீடியோ இதைச் சொல்லியிருந்தால் நானும் குறை சொல்லமாட்டேன், ஏனென்றால் காப்பாற்றுவதற்கு நமக்குக் கிடைப்பது அந்தச் சில மணி நேரம்தான்.

ஆகவே ஒரே ஓர் அறிகுறியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிச் சாப்பிட்ட பிறகு வயிறு பெரிதாக வீங்கி, கடுமையாக வலித்து, ஓக்காளம் ஓக்காளமாக வந்தும் உள்ளே இருப்பது வெளியே வராவிட்டால், அது அவசரம். நம் வீடுகளில் வாந்தி எடுத்தால் பதறுகிறோம். வாந்தி நின்றால் ‘அப்பாடா’ என்கிறோம். இங்கே வராத வாந்திதான் பயப்பட வேண்டியது. வலி திடீரென்று குறைந்து, முகம் வெளிறி, வேர்த்துக் கொட்டினால் குணமாகிவிட்டது என்று படுக்கவைத்துவிடாதீர்கள். சுவர் கிழிந்த பிறகும் அப்படி ஓர் அமைதி வருவதுண்டு.

அந்த நேரத்தில் வாய்வழியாக எதையும் கொடுக்கக் கூடாது. ஆப்பச் சோடாவும், தண்ணீரில் நுரைக்கும் ஜீரண உப்பும் இரைப்பை அமிலத்தோடு சேர்ந்து கரியமில வாயுவை உண்டாக்கும்; புட்டிச் சோடா அந்த வாயுவைக் கரைத்தே வைத்திருக்கிறது. ஏற்கெனவே வெளியேற வழியில்லாத வயிற்றுக்குள் மேலும் வாயுவை ஏற்றுவது எப்படி மருந்தாகும்? வயிறு முட்டச் சாப்பிட்டபின் ஆப்பச் சோடா குடித்து இரைப்பை கிழிந்தவர்களைப் பற்றி மருத்துவ நூல்களிலேயே பதிவுகள் உண்டு. ஓமத்திரவம், சுக்குக் கசாயம், மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ‘கேஸ் மாத்திரை’ எல்லாம் அந்த அடைப்பைத் திறக்கப்போவதில்லை; நேரத்தைத்தான் தின்னும். 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள்.

மருத்துவமனையில் உண்மையைச் சொல்லுங்கள். இதை உங்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். மகளின் மானத்துக்குப் பயந்து, “வெளியே சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை” என்று மட்டும் சொன்னால், வாந்திக்கு ஓர் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடும் வாய்ப்பு இருக்கிறது. பல நாள் பட்டினி கிடந்தவள், ஒரே மூச்சில் மிக அதிகமாகச் சாப்பிட்டாள், வாந்தி வரவில்லை: இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால், பணியில் இருக்கும் மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி வயிற்றைக் காலி செய்வார். நேரத்தோடு வந்தவர்களில் பலருக்கு அந்தக் குழாயும் நரம்பில் ஏற்றும் திரவமுமே போதுமானவை. கறுத்துக் கிழிந்த இரைப்பையைத் திறந்து பார்க்கும் நிலையில், நாங்கள் எவ்வளவு பாடுபட்டாலும் எல்லோரையும் மீட்க முடிவதில்லை.

விரல் விட்டு வாந்தி எடுப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டச்சுக்காரர்கள் என்றதும் நம் மாவட்டத்தாருக்கு 1741ஆம் ஆண்டுக் குளச்சல் போர் நினைவுக்கு வரும். அதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பு அவர்கள் நாட்டில் வாசெனார் என்ற கடற்படைத் தளபதி, விருந்துக்குப் பிறகு வழக்கம்போல வாந்தியை வரவழைக்கும் மருந்து குடித்து ஓங்கரித்தபோது, நெஞ்சு பிளந்ததுபோல அலறி, ஒரு நாளுக்குள் இறந்துபோனார். பிணக்கூறு செய்த லைடன் பேராசிரியர் ஹெர்மன் பூர்ஹாவே, அவருடைய உணவுக்குழாய் கிழிந்து, தின்ற வாத்துக்கறியின் வாசனை நெஞ்சறைக்குள் வீசியதை 1724இல் எழுதிவைத்தார். இன்றும் அந்த நோய் பூர்ஹாவேயின் பெயரால்தான் வழங்குகிறது. அது அரிதானது. ஆனாலும் வாந்தியில் இரத்தம் தெரிந்தாலோ, வாந்திக்குப் பின் நெஞ்சில் கடும் வலி வந்தாலோ, கழுத்தைத் தொட்டால் தோலுக்கடியில் நறநறவென்று காற்று தட்டுப்பட்டாலோ, அதுவும் உடனே ஓடவேண்டிய நிலைதான்.

மற்றவற்றுக்கு வருகிறேன். ஏப்பமும் வயிற்று இரைச்சலும் நோயே அல்ல. கன்னத்தில் இருப்பது பொன்னுக்குவீங்கி அல்ல. அடிக்கடி வாந்தி எடுப்பதால் உமிழ்நீர்ச் சுரப்பிகள் பருத்திருக்கின்றன, வாந்தி நின்றால் வற்றிவிடும். முடி உதிர்வதும் மாதவிலக்குத் தள்ளிப்போவதும் பட்டினியின் விளைவுகளாகவே தோன்றுகின்றன. ஒழுங்காகச் சாப்பிட்டும் சில மாதங்களில் மாதவிலக்கு திரும்பாவிட்டால் அப்போது பார்ப்போம். நீங்கள் எழுதியிருப்பதில் புற்றுநோயைச் சுட்டும் எதுவும் இல்லை. இணையத்தில் தேடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றுக்குத்தான் நான் அஞ்சுகிறேன். அடிக்கடி வாந்தி எடுப்பவர் உடலில் பொட்டாசியம் குறையும். இரத்தத்தில் அது லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். மிகவும் தாழ்ந்தால், வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் இதயத் துடிப்பு தடுமாறலாம். கேஸ் மாத்திரை என்று நீங்கள் வாங்கும் கலவைகள் சிலவற்றில் இருக்கும் டோம்பெரிடோன் என்ற வாந்தித் தடுப்பு மருந்து, பொட்டாசியம் குறைந்தவருக்கு அந்தத் தடுமாற்றத்தை இன்னும் மோசமாக்கக்கூடும். இந்த வாரமே பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பேட் அளவுகளுக்கு இரத்தப் பரிசோதனையும், ஓர் இ.சி.ஜி.யும் எடுத்துவிடுங்கள்.

பெருந்தீனியும் வாந்தியும் உங்கள் மகளின் அடக்கமின்மையோ, நோன்பின் குற்றமோ அல்ல. இதற்குப் புலிமியா என்று பெயர். ஜெரால்ட் ரசல் என்ற மனநல மருத்துவர் 1979இல் இதைத் தனி நோயாக எழுதினார். பகல் பட்டினிதான் இரவுப் பசியை வெறியாக்குகிறது. வாந்தி எடுத்துவிடலாம் என்ற எண்ணம் அடுத்த பட்டினிக்குத் துணிச்சல் தருகிறது. இந்தச் சுழலை வாரம் ஓர் அமர்வாக ஏறத்தாழ 20 அமர்வுகள் நடக்கும் உளவியல் சிகிச்சையால் அவிழ்க்க முடியும். தேவைப்பட்டால் மனநல மருத்துவர் மருந்தும் தருவார். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவரை 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

வீட்டில் மூன்று வேளைச் சாப்பாடும் இடையில் சிறு தீனியுமாக, நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனை நாள் குறைத்ததை ஈடுகட்டுகிறேன் என்று ஏத்தம்பழமும் புட்டுமாகத் திணிக்காதீர்கள். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறைய ஊட்டினால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து, அதுவே உயிருக்கு ஆபத்தாகும். குளியலறைக் கதவைத் தட்டித் திட்டுவதும் வேண்டாம். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். ஈஸ்டர் இரவில் என்ன நடந்தது என்பதை விடுதிக் காப்பாளருக்கும், அவளுடன் ஒரே அறையில் தங்கியிருக்கும் தோழிக்கும், மகளின் சம்மதத்தோடு சொல்லிவையுங்கள். அடுத்த முறை அப்படி வயிறு வீங்கும்போது பக்கத்தில் இருக்கப்போவது அந்தத் தோழியாக இருக்கலாம்.