ஏர்செல் எப்படி வளர்ந்தது, ஏன் நின்றது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

தொண்டி முதல் ஏர்வாடி வரை ஒரு காலத்தில் யாரைக் கேட்டாலும் ஏர்செல் கைபேசி எண்தான் சொல்வார்கள். 2018-இல் அது படுத்துவிட்டது. ஜியோதான் காரணம் என்கிறார்கள். சரியா?

– வாசகர், கீழக்கரை

அன்புள்ள நண்பருக்கு,

ஜியோ வந்தது 2016 செப்டம்பரில். ஏர்செல்லின் கடன் அதற்கும் மூத்தது.

தொழிலதிபர் சிவசங்கரன் 1999-இல் இச்சேவையைத் தொடங்கியபோது, கைபேசிச் சேவைக்கான உரிமம் ‘வட்டம்’ எனப்படும் பகுதி வாரியாகத் தரப்பட்டது; சென்னை தனி வட்டம், எஞ்சிய தமிழ்நாடு தனி வட்டம். சென்னை சிம்மோடு இராமநாதபுரத்தில் இறங்கினால் ரோமிங் கட்டணம். அந்த எஞ்சிய தமிழ்நாட்டில்தான் ஏர்செல் காலூன்றியது. 2003-இல் அங்கே சேவை நடத்திவந்த ஆர்பிஜி செல்லுலாரை வாங்கிய பிறகே சென்னைக்குள் நுழைந்தது. அதே ஆண்டில் உள்வரும் அழைப்புகள் இலவசமானதை உங்கள் ஊர் மறந்திருக்காது: துபாயிலிருந்து வெள்ளிக்கிழமை வரும் அழைப்புக்காகப் பக்கத்து வீட்டில் காத்திருந்தவர்களால், காசு செலவில்லாமல் தம் கைபேசியிலேயே பேச முடிந்தது. கடலுக்குப் போன மீனவர்களுக்கும் கைபேசி பயன்பட்டது. ஏர்செல் பயன்படுத்திய ஜிஎஸ்எம் என்ற கைபேசித் தொழில்நுட்பத்தில், வழக்கமான கோபுரத்தின் உச்ச எல்லை 35 கிலோமீட்டர். அதற்கப்பால் போனின் சமிக்ஞை தனக்குரிய நேரத்துக்குள் கோபுரத்தை எட்டாது. மறைப்பு ஏதுமில்லாத கடலில் கரையோரக் கோபுரம் நெடுந்தூரம் எட்டும் என்பதால், படகு கரையணையும் முன்பே அன்றைய பாடு என்னவென்று வியாபாரிக்குத் தெரிந்துவிடும்.

2006-இல் மலேசியத் தொலைத்தொடர்பு நிறுவனமான மேக்சிஸ் ஏர்செல்லின் 74 சதவீதப் பங்கை வாங்கியது. அதன்பின் நாடு முழுவதும் பரவும் ஆசை வந்தது. என் கணிப்பில் சறுக்கல் அங்கேதான். நொடிக்கு ஒரு பைசா என்று கட்டணம் சரிந்துகொண்டிருந்த காலத்தில், 2010 ஏலத்தில் 13 வட்டங்களுக்கு 3ஜி அலைக்கற்றையை ஏர்செல் பெரும் விலைக்கு எடுத்தது. தமிழ்நாட்டில் வந்த வருமானம் வடக்கே வேரூன்றாத வட்டங்களைத் தாங்க வேண்டியதாயிற்று. ஜியோவின் விலைக்குறைப்பு கடைசி அடி, அவ்வளவே. அனில் அம்பானியின் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடனான இணைப்பு முயற்சியும் 2017 அக்டோபரில் முறிந்தது. 2018 ஜனவரியில் ஆறு வட்டங்களில் சேவையை நிறுத்தியது. பிப்ரவரியில், கோபுரங்களை வாடகைக்கு விட்ட நிறுவனத்துடனான கட்டணத் தகராறில் தமிழ்நாட்டிலும் சேவை முடங்கியது.

எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குப் போக, அதே எண்ணிலிருந்து 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். சிக்னலே இல்லாத போனிலிருந்து அதை எப்படி அனுப்புவது? வங்கிக் கணக்கும் எரிவாயுப் பதிவும் அந்த எண்ணோடு பிணைந்திருந்ததால்தான், அன்று ஏர்செல் அலுவலகங்களின் முன் அத்தனை கூட்டம் கூடியது.