உட்ரெக்டின் 900 வயதுக் கால்வாய்க்கு இன்றும் வேலை இருக்கிறதா?

"ஐரோப்பிய நகரங்களில் உள்ள இடைக்காலக் கால்வாய்களால் இன்று ஏதாவது உபயோகம் உண்டா, இல்லை சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்க மட்டும்தானா?" என்பது கேள்வி.

நிச்சயம் உபயோகம் உண்டு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். அந்த ஊரின் நடுவே ஓடும் அவுடகிராக்ட் கால்வாயை வைத்தே பதில் சொல்கிறேன். ஆம்ஸ்டர்டாம் கால்வாய்களின் புகழ் இதற்கு இல்லை. ஆனால் அங்கே எல்லோரும் படம் எடுக்கும் பெரிய வளையக் கால்வாய்கள் 17ஆம் நூற்றாண்டில் வெட்டியவை. இது அவற்றைவிடச் சுமார் 500 வருடம் மூத்தது.

ரைன் ஆற்றின் ஒரு கிளையின் கரையில் ரோமானியர் கட்டிய கோட்டையிலிருந்து வளர்ந்த ஊர் உட்ரெக்ட். படகு வந்தால்தான் வியாபாரம். 1122 வாக்கில், சதுப்பு நிலங்களை வெள்ளமில்லாத விளைநிலமாக மாற்றுவதற்காக, ஆறு வரும் திசையில் உள்ள வைக் பை டூர்ஸ்டேட என்ற ஊரில் ரைனின் அந்தக் கிளையை அணை போட்டு அடைத்துவிட்டார்கள். வயல்களுக்கு நல்லது, உட்ரெக்டின் படகுத்துறைக்கோ பேரிடி. அதனால் தெற்கே வேறோர் ஆற்றோடு இணைக்கக் கால்வாய் வெட்டினார்கள். அதன் தொடர்ச்சியாக நகரத்துக்குள் உருவானதுதான் அவுடகிராக்ட். புனித ரோமானியப் பேரரசர் ஐந்தாம் ஹென்றி இந்த ஊருக்கு நகர உரிமைகளை உறுதி செய்ததும் அதே 1122இல்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கரையின் அமைப்பு. தெரு உயரத்தில் இருக்கும், தண்ணீர் நன்றாகக் கீழே. சரக்கை ஒவ்வொரு முறையும் மேலே தூக்கிக்கொண்டிருக்க முடியாது. அதனால் வணிகர்கள் தங்கள் வீட்டு நிலவறையிலிருந்து தெருவுக்கு அடியிலேயே குடைந்து, தண்ணீர் ஓரம் வரை வளைகூரை அறைகள் கட்டிவிட்டார்கள். அறை வாசலில் ஒரு படகுத்துறை. படகிலிருந்து இறங்கும் மூட்டையும் பீப்பாயும் நேராக வீட்டின் அடியறைக்குப் போய்விடும். மதகுகள் அமைத்து நீர்மட்டத்தை ஒரே அளவில் வைத்திருந்ததால்தான் தாழ்வான அந்தத் துறைகள் மூழ்காமல் இருந்தன. நகரத்தில் இப்படி 700க்கும் மேற்பட்ட நிலவறைகள் இருக்கின்றன. மேலே சைக்கிள் ஓட்டிப் போகும்போது காலடியில் இன்னொரு தெருவே இருப்பது தெரியாது.

சரி, இன்று? அந்த நிலவறைகள் பலவற்றில் உணவகங்களும் பட்டறைகளும் நடக்கின்றன. வெயில் வந்துவிட்டால் படகுத்துறை முழுக்க நாற்காலிதான். உங்கள் கேள்வியில் உள்ள சுற்றுலாப் பக்கம் இது. நான் சொல்ல வருவது சரக்குப் படகைப் பற்றி. தெருவுக்கு அடியில் நிலவறை இருப்பதால் கனமான லாரிகள் மேலே போனால் வளைவுகளும் கரைச் சுவரும் விரிசல் விடும். அதனால் கரைத் தெருக்களில் வண்டி எடைக்குக் கட்டுப்பாடு உண்டு. அப்போது உணவகத்துக்குச் சரக்கு எப்படி வரும்? 1996 முதல் நகராட்சியின் படகு ஒன்று பீர் பீப்பாய்களையும் மற்ற சரக்குகளையும் தண்ணீர் வழியாகவே கொண்டுவந்து இறக்குகிறது. ஊர்க்காரர்கள் அதை 'பீர் படகு' என்றே சொல்கிறார்கள். 2010இல் மின்சாரப் படகும் வந்துவிட்டது, புகையும் இல்லை, இரைச்சலும் இல்லை. எந்த வேலைக்காக அந்தத் துறைகளைக் கட்டினார்களோ, அதே வேலைதான் இன்றும் நடக்கிறது!

இதே ஊர் கால்வாய் விஷயத்தில் பெரிய தவறும் செய்திருக்கிறது. பழைய நகரைச் சுற்றியிருந்த அகழியின் ஒரு பகுதியான கதரைனசிங்கலை 1970களின் தொடக்கத்தில் வற்றவைத்து, அங்கே கார்களுக்கு அகலமான சாலை போட்டார்கள். கொஞ்ச தூரம் போனாலே முடிந்துவிடும் சாலை அது. அதற்காக இவ்வளவு பழைய நீர்வழியை அழித்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை. நல்லவேளை, 2002இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, தண்ணீரைத் திரும்பக் கொண்டுவர முடிவு செய்தார்கள். 2020 செப்டம்பரில் அகழி மறுபடி முழு வளையமானது. இப்போது நகரத்தைச் சுற்றிப் படகில் போகலாம்.

அப்புறம் மீன்களையும் சொல்லியாக வேண்டும். வசந்த காலத்தில் முட்டையிட இடம் தேடி மீன்கள் கால்வாய் வழியாக நீந்திப் போகும். வடக்கே உள்ள வேர்ட் மதகில் அந்தச் சமயம் படகுப் போக்குவரத்து குறைவு என்பதால் கதவு மூடியே கிடக்கும். காத்து நிற்கும் மீன்கள் பறவைகளுக்கு இரையாகிவிடும். அதற்காக 2021இல் தண்ணீருக்கு அடியில் கேமரா வைத்து, நேரலையை இணையத்தில் விட்டார்கள். பார்த்துக்கொண்டிருப்பவர் மீனைக் கண்டதும் 'மீன் அழைப்பு மணி' பொத்தானை அழுத்தலாம். போதுமான மீன்கள் சேர்ந்தால் மதகுக்காரர் கதவைத் திறப்பார். வழக்கமாக மார்ச்சிலிருந்து மே வரை நடக்கும், உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் அழுத்தலாம். தண்ணீர் கலங்கலாக இருக்கும், மீன் சட்டென்று கண்ணில் படாது. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.