'வீல் ஆஃப் டைம்' நாவல் வரிசையின் முடிவு உங்களுக்குத் திருப்தியாக இருந்ததா?

இருந்தது. குறையும் இருந்தது. (இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். யார் சாகிறார்கள் என்பதை எல்லாம் சொல்லப்போகிறேன்.)

ராபர்ட் ஜோர்டன் இந்த மாயாஜாலக் கதை வரிசையின் முதல் புத்தகத்தை 1990இல் கொண்டுவந்தார். பதினொன்று வந்த பிறகு, 2007 செப்டம்பரில் இறந்துபோனார். முடிவுக்கான குறிப்புகளும் அவரே எழுதிவைத்த சில காட்சிகளும் மிஞ்சின. அவர் மனைவி ஹாரியட்தான் அவருடைய எடிட்டரும்கூட. மீதியை எழுத பிராண்டன் சாண்டர்சன் என்ற எழுத்தாளரைப் பிடித்தார். ஒரே புத்தகமாக முடிய வேண்டியது மூன்றாகி, 14ஆவதும் கடைசியுமான 'எ மெமரி ஆஃப் லைட்' 2013 ஜனவரியில் வந்தது. பழைய புத்தகக் கடையில் ஏழாவது கிடைக்காமல் எட்டாவதைப் படித்துவிட்டு முழித்தவன் நான். எனக்கு முடிவு என்று ஒன்று வந்ததே பெரிய விஷயம்.

இறுதிப் போர் ஒரே அத்தியாயம், ஏறக்குறைய 200 பக்கம். நடுவில் எங்கே நிறுத்திவிட்டுத் தூங்குவது? நான் தூங்கவில்லை. அதில் வாள்வீரர் லான், எதிரிப் படைத் தளபதி டெமாண்ட்ரெட்டோடு மோதும் இடம் வருகிறது. அதற்குமுன் டெமாண்ட்ரெட்டை எதிர்த்துப் போன காவின் உயிரை விடுகிறான், காலாட் ஒரு கையை இழக்கிறான். வேறு வழியே இல்லாதபோது எதிரியின் வாளைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு அவனைக் குத்துவது என்று ஒரு முறை உண்டு, 'வாளை உறையிலிடுதல்' என்று பெயர். இரண்டாவது புத்தகத்தில் கதாநாயகன் ராண்டுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே லான்தான். இங்கே வாத்தியாரே அதைச் செய்கிறார். பன்னிரண்டு புத்தகம் தள்ளி வரும் அடி, வலிக்காமல் என்ன செய்யும்?

அப்புறம் சிறுவன் ஓல்வர். அவனுக்குப் பிரியமான கிழவர் நோல், மற்றவர்கள் தப்பிக்கட்டும் என்று பதிமூன்றாவது புத்தகத்தில் தனியாக நின்று சாகிறார். கடைசிப் புத்தகத்தில் இறந்த வீரர்களை அழைக்கும் கொம்பு, வேறு யாரும் இல்லாமல், இந்தப் பொடியன் கைக்கு வந்து சேர்கிறது. சுற்றிலும் ட்ராலக்குகள், பாதி மிருகம் பாதி மனிதனான அரக்கர்கள். ஊதுகிறான். அவனைக் காப்பாற்ற முதலில் வந்து நிற்பது நோல். பஸ்ஸில் படித்துக்கொண்டிருந்தேன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சரி, குறைகளுக்கு வருவோம். பேடன் ஃபெய்ன் முதல் புத்தகத்திலிருந்து நம்மைப் பயமுறுத்திக்கொண்டிருந்தவன். கடைசியில் எங்கிருந்தோ மூடுபனியோடு வருகிறான், ராண்டின் நண்பன் மாட் கத்தியால் ஒரு குத்து, கதை முடிந்தது. இதற்கா இத்தனை வருடம்? ராண்டை வழிநடத்தும் மந்திரக்காரி மொய்ரேன் 1993இல் வந்த புத்தகத்தில் காணாமல் போய், 2010இல் வந்ததில் மீட்கப்படுகிறாள். கடைசிப் புத்தகத்தில் சண்டைபோடும் அரசர்களை ஒரு காட்சியில் அடக்குகிறாள், அது பிரமாதம். அதற்குப் பிறகு ராண்ட் கடைசியாக மோதும் குகைக்குள் பெரும்பாலும் நிற்பதுதான் வேலை. டெமாண்ட்ரெட் அந்தப் பெரிய படையை எப்படித் தன் பக்கம் இழுத்தான் என்கிற கதையை வெட்டி எடுத்து, வேறொரு தொகுப்பில் தனியாக வெளியிட்டார்கள். பரிமாறாமல் விட்ட கூட்டைப் பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிடச் சொன்ன மாதிரி! மாட்டின் பேச்சும் சாண்டர்சன் கைக்கு வந்த புதிதில் வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. அதை அவரே ஒப்புக்கொண்டார், கடைசிப் புத்தகத்தில் ஓரளவு தேறிவிட்டது.

மந்திரக்காரிகளின் தலைவி எக்வீனின் சாவைக் குறையென்று சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். அவள் வேறு எப்படியும் முடிந்திருக்க முடியாது.

கடைசிக் காட்சி ஜோர்டன் எழுதிவைத்துவிட்டுப் போனது. ராண்ட் யாரிடமும் சொல்லாமல் கிளம்புகிறான், நினைத்த மாத்திரத்தில் புகைபிடிக்கும் பைப் பற்றிக்கொள்கிறது. எப்படிப் பற்றியது என்று புத்தகத்தில் விளக்கம் இல்லை. எனக்கு அது வேண்டவும் வேண்டாம். ஆனால் கொம்பு அழைத்து வந்த, செத்துப்போன பேரரசர் ஹாக்விங்கைத் தன் மனைவி டூவானிடம் பேசச் சொல்கிறானே மாட், அவள் அவர் வம்சம் வேறு, அடிமைச் சங்கிலியை வைத்து ஆள்கிறவள். அந்தப் பேச்சு புத்தகத்தில் இல்லவே இல்லை. அந்த நாலு பக்கத்துக்காக ட்ராலக் சண்டையில் நாற்பது பக்கத்தை விட்டுக்கொடுத்திருப்பேன்.