அடாப்டரில் அந்த நீல கெபாசிட்டர் எதற்கு? – வாசகர் கேள்விகள்

கேள்வி: இரண்டு பின் அடாப்டரில் ஓடும் என் ஆம்ப்ளிஃபயரின் பெட்டியைத் தொட்டால் விறுவிறுவென்று இருக்கிறது. மீட்டர் 110 வோல்ட் காட்டுகிறது. அடாப்டருக்குள் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலிருந்த நீல கெபாசிட்டரைக் கழற்றினேன், ஷாக் நின்றுவிட்டது. அப்படியே விடலாமா?

வேண்டாம், திரும்பப் போட்டுவிடுங்கள். அது ஒய் கெபாசிட்டர், அதாவது அடாப்டரின் 230 வோல்ட் பக்கத்தையும் 12 வோல்ட் வெளியீட்டுப் பக்கத்தையும் இணைக்கிற கெபாசிட்டர். அதன் வழியே கசியும் சிறு மின்னோட்டம்தான் உங்களுக்கு விறுவிறுக்கிறது. அடாப்டருக்குள் டிரான்சிஸ்டர் ஒரு நொடிக்குப் பல்லாயிரம் தடவை ஆன்–ஆஃப் ஆகிறது. அந்த இரைச்சல் டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றுகளுக்கு இடையே கசிந்து 12 வோல்ட் பக்கம் வந்துவிடும். வந்த மின்னோட்டம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியாக வேண்டும். கெபாசிட்டர் இருந்தால் குறுக்குவழியில் திரும்பும். இல்லாவிட்டால் ஸ்பீக்கர் ஒயர், வீட்டு ஒயரிங் என்று ஊரைச் சுற்றித்தான் திரும்பும். அந்த ஒயரெல்லாம் ஆன்டெனாவாகிவிடும்.

110 வோல்ட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்தக் கெபாசிட்டர் 2.2 நானோஃபாரட் என்றால், அதில் முழு 230 வோல்ட்டும் விழுந்தாலும் 0.16 மில்லிஆம்பியர்தான் ஓடும். சந்தேகமிருந்தால், அடாப்டரைச் செருகும் முன்பே பெட்டிக்கும் எர்த்துக்கும் நடுவே 100 கிலோஓம், 1 வாட் ரெசிஸ்டரை இணைத்துவிட்டு அளந்து பாருங்கள். பத்து வோல்ட்டுக்குள் இறங்கினால் கசிவு அவ்வளவுதான். இறங்காவிட்டால் அந்த அடாப்டரைத் தூக்கி எறியுங்கள்.

நான் உண்மையிலேயே அஞ்சுவது வேறொன்றுக்கு. பழுது பார்ப்பவர்கள் சிலர் அந்த இடத்தில் கைக்குக் கிடைத்த சாதாரண செராமிக் டிஸ்க் கெபாசிட்டரைப் போட்டுவிடுகிறார்கள். அது ஷார்ட் ஆனால் 230 வோல்ட் நேராகப் பெட்டிக்கு வரும். மேலே ஒய்1 என்ற பாதுகாப்புத் தரம் அச்சிட்டது மட்டும்தான் அங்கே போகலாம்; மதிப்பையும் கூட்டாதீர்கள். அந்த விறுவிறுப்பே கூடாதென்றால் எர்த் உள்ள மூன்று பின் சப்ளைக்கு மாறுங்கள்.

கேள்வி: மேல்தொட்டி மோட்டாருக்கு நானே செய்த கன்ட்ரோலர், கான்டாக்டர் (மோட்டாரை ஆன்–ஆஃப் செய்யும் பெரிய ரிலே) விடும்போதெல்லாம் ரீசெட் ஆகிறது. ரிலேயில் டையோடு இருக்கிறதே?

காயிலை அணைக்கும்போது எழும் மின்னழுத்தத் துள்ளலை அடக்க, ரிலேயின் டிசி காயிலுக்கு டையோடு போதும். கான்டாக்டர் காயில் 230 வோல்ட் ஏசி. அதற்குக் குறுக்கே டையோடு போட்டால் டையோடும் ஃபியூஸும் உடனே போய்விடும். அங்கே 100 ஓம் ரெசிஸ்டரையும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 (மெயின்ஸுக்குக் குறுக்கே போடத் தகுந்த வகை) கெபாசிட்டரையும் தொடராகக் கோத்து, காயிலின் இரு முனைக்கும் குறுக்கே போடுங்கள். கன்ட்ரோலர் பக்கம் போட்டால் பயன் குறைவு, காயில் பக்கத்திலேயே இருக்கட்டும். அப்புறம், ஃப்ளோட் ஸ்விட்ச் ஒயரும் மோட்டார் ஒயரும் ஒரே பைப்பில் வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் பிரித்துவிடுங்கள். பாதிப் பேருக்குக் கோளாறு அங்கேதான்.

கேள்வி: எல்இடி பல்பு எரிந்தால் மீடியம் வேவ் ரேடியோ கரகரக்கிறது.

பல்புதான் காரணம். மலிவான பல்புகளில் இரைச்சலைத் தடுக்கும் ஃபில்டரை விட்டுவிடுகிறார்கள். வேறு பல்பு வாங்கும்போது பேட்டரி ரேடியோ ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோய் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஆப்டோகப்ளரின் (இரு பக்கங்களையும் மின்சாரத்தால் இணைக்காமல் ஒளியால் சிக்னலைக் கடத்தும் சிப்) கால்களுக்கு நடுவே போர்டில் பள்ளம் வெட்டுவது ஏன்?

தூசியும் ஈரமும் சேர்ந்தால் போர்டின் மேற்பரப்பிலேயே மின்சாரம் ஊர்ந்துவிடும். பள்ளம் அந்தப் பாதையை நீட்டுகிறது, 1 மி.மீ. அகலமாவது வேண்டும். இரைச்சல் குறையட்டும் என்று கிரவுண்ட் செம்பை ஆப்டோகப்ளருக்கு அடியிலும் பரப்பிவிடாதீர்கள், பிரித்து வைத்ததன் பலனே போய்விடும். 230 வோல்ட் பக்கத்துக்கும் கைபடும் பக்கத்துக்கும் இடையே 8 மி.மீ.க்குக் குறைய நான் விடுவதில்லை. சாதாரணக் கால் அமைப்பில் 6 மி.மீ. அளவுதான் கிடைக்கும், கால்களை அகலமாக விரித்த வகையைக் கேட்டு வாங்குங்கள்.