ரஷ்ய–ஜப்பானியப் போரில், போரை அறிவிக்காமலேயே ஜப்பான் தாக்கியதா?

ஆமாம். 1904 பிப்ரவரி 8 நள்ளிரவை ஒட்டி, வடகிழக்குச் சீனாவில் ரஷ்யா வைத்திருந்த போர்ட் ஆர்தர் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ரஷ்யக் கப்பல்கள் மீது ஜப்பானிய அட்மிரல் டோகோவின் நாசகாரிக் கப்பல்கள் டார்பிடோக்களை (நீருக்கடியில் பாயும் குண்டுகளை) ஏவின. முறையான போர் அறிவிப்பு 10ஆம் தேதிதான் வந்தது.

ஆனால் அறிகுறியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மஞ்சூரியா (வடகிழக்குச் சீனா), கொரியா பற்றிய பேச்சுவார்த்தை முறிந்து, 6ஆம் தேதியே ஜப்பான் தூதரக உறவைத் துண்டித்துவிட்டது. அப்புறமும் ரஷ்யா கப்பல்களை அப்படி வெளியே நிறுத்தி வைத்தது அசட்டுத்தனம்தான்.

சரி, சேதம்? ஏவிய 16 டார்பிடோக்களில் 3தான் பட்டன. ட்செசாரெவிச், ரெத்விசான் என்ற இரு பெரிய போர்க்கப்பல்களும் பல்லாடா என்ற குரூசரும் அடிவாங்கின. மூன்றையும் சில மாதங்களில் பழுதுபார்த்துவிட்டார்கள். முன்னறிவிப்பின்றிப் போர் தொடங்கக் கூடாது என்ற விதி 1907 ஹேக் மாநாட்டில்தான் வந்தது.